கேலக்ஸி டிரக்கரில் மாற்று விதிகளும் அணி ஆட்டமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த ஆட்டம், எந்தப் பதிப்பின் விதிகள்?

செக் நாட்டு வடிவமைப்பாளர் விளாடா ஹ்வாட்டில் உருவாக்கி, செக் கேம்ஸ் எடிஷன் 2007-இல் வெளியிட்ட கேலக்ஸி டிரக்கர் என்ற பலகை ஆட்டம். மேசை நடுவில் கவிழ்ந்து கிடக்கும் டைல்களை (கப்பல் உறுப்புகள் அச்சிட்ட சதுர அட்டைகள்) எல்லோரும் ஒரே நேரத்தில், ஒரு கையால் மட்டும் எடுத்து, தங்கள் பலகைக்கு அருகில் கொண்டுவந்த பிறகே திருப்பிப் பார்க்க வேண்டும். பிடித்தால் கப்பலில் பொருத்தலாம். பிடிக்காவிட்டால் முகம் தெரியும்படி நடுவில் திரும்பப் போட வேண்டும். மணல் டைமர் ஓடிக்கொண்டே இருக்கும். கட்டி முடிந்ததும் அதே கப்பலில் எரிகற்களையும் கொள்ளையர்களையும் கடந்து சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

2021-இல் புதுப் பதிப்பு வந்தது. அதில் சில எண்களும் பயண அமைப்பும் வேறு. கீழே உள்ள எண்கள் மூன்று சுற்றுகள் கொண்ட மூல விதிகளுக்கு உரியவை. மாற்று விதிகளாகச் சொல்பவை பெட்டியில் வருபவை அல்ல. மூல விதிகளின் மேல் நாமாகச் சேர்ப்பவை.

மாற்று விதிகளை எப்போது தொடங்கலாம்?

மேசையில் இருக்கும் எல்லோரும் மூன்று சுற்றுகளையும் ஒரு முறையாவது முழுசாக ஆடிய பிறகு. இணைப்பு முனைகள் மூன்று வகை: ஒற்றை, இரட்டை, எதோடும் சேரும் பொதுமுனை. ஒற்றையும் இரட்டையும் ஒன்றோடொன்று சேராது, முனை இருக்கும் பக்கம் வழவழப்பான பக்கத்தைத் தொடவும் கூடாது. இது கைக்குப் பழகாத ஒருவருக்குப் புது விதி சொன்னால், அவர் இரண்டையும் தவறவிடுவார்.

ஒரு பயணத்துக்கு ஒரே ஒரு மாற்றம் போதும். மூன்றை ஒன்றாகப் போட்டால், ஆட்டம் சப்பென்று முடியும்போது எது கெடுத்தது என்று கண்டுபிடிக்க முடியாது. அந்த மாற்றத்தையும் டைல்களைக் கலக்கும் முன்பே ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

டைமர் இல்லாமல் ஆட முடியுமா?

முடியும், ஆனால் டைமரை எடுத்துவிட்டு வேறு எதுவும் செய்யாமல் இருந்தால் ஆட்டம் செத்துப்போகும். நேரம் தாராளமாக இருந்தால் எல்லோருமே ஓட்டையில்லாக் கப்பல் கட்டுவார்கள், பறக்கும்போது எதுவும் உடையாது, பயணம் வெறும் அட்டை வாசிப்பாகிவிடும். ஒரு நெருக்கடியை எடுத்தால் இன்னொன்றை வைக்க வேண்டும்.

நன்றாக வேலை செய்யும் வழி முறைவைத்துக் கட்டுவது. ஒருவர் பின் ஒருவராக, தன் முறைக்கு ஒரு டைல்: கவிழ்ந்ததில் ஒன்று, அல்லது முகம் தெரிவதில் ஒன்று. அதை உடனே பொருத்தலாம், ஒதுக்கி வைக்கலாம், திரும்பப் போடலாம். மொத்த முறைகளுக்கு வரம்பு உண்டு: கப்பல் பலகையில் உள்ள கட்டங்களை எண்ணி, அதில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள். 18 கட்டம் என்றால் 24 முறை. தொடக்கக் கேபின் ஏற்கெனவே ஒரு கட்டத்தில் இருப்பதால், ஏழு முறைதான் வீணடிக்கலாம். பறக்கும்போது என்ன எதிர்ப்படும் என்று சொல்லும் பயண அட்டைகளைப் பார்க்க ஒரு முறையைச் செலவழிக்க வேண்டும். ஒரு செலவுக்கு ஓர் அட்டைக் கட்டுதான்.

கை நடுக்கம் உள்ளவர்கள், பார்வை மங்கியவர்கள், அவசரம் பிடிக்காதவர்கள் எல்லோரும் சமமாக உட்கார இந்த முறை வழிசெய்கிறது. அந்த ஒரு காரணத்துக்காகவே இதைக் கற்று வைத்திருக்கலாம்.

இதில் வரும் சிக்கல், முகம் தெரியும் டைல்களை ஒவ்வொருவரும் நிதானமாக ஆராய்வது. தன் முறை வரும் முன்பே பார்த்து வைக்க வேண்டும், முறை வந்ததும் பத்து எண்ணுவதற்குள் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

ஒருவர் கைதேர்ந்தவர், மற்றவர்கள் புதியவர்கள். எப்படிச் சமன் செய்வது?

கைதேர்ந்தவர் கவிழ்ந்த டைல்களை மட்டுமே எடுக்கலாம், முகம் தெரிபவற்றைத் தொடக்கூடாது. இதன் அழகு, அவர் வேண்டாமென்று போடுவதெல்லாம் புதியவர்களுக்கு முகம் தெரிந்த டைலாகக் குவிவதுதான். அவர் வேகம் குறையவில்லை, ஆனால் அந்த வேகமே மற்றவர்களுக்கு உதவுகிறது. இது போதாவிட்டால் ஒதுக்கி வைக்கும் இரண்டு இடங்களையும் அவரிடமிருந்து எடுத்துவிடுங்கள்.

அவரை அரை நிமிடம் தாமதமாகத் தொடங்கச் சொல்வது பலரும் முதலில் யோசிப்பது. அது அவ்வளவாக உதவாது. அந்த அரை நிமிடமும் அவர் நடுவில் விழுவதைக் கவனித்துக்கொண்டிருப்பார்.

இரண்டே பேர் ஆடும்போது போட்டி தளர்ந்துவிடுகிறதே?

டைல்கள் அதிகம், கைகள் குறைவு என்பதால் அப்படி. தொடங்கும் முன் கவிழ்ந்த டைல்களில் பாதியைப் பார்க்காமல் பெட்டிக்குள் போட்டுவிடுங்கள். மூன்று பேர் என்றால் கால் பங்கு. பேட்டரியோ கேடயமோ எத்தனை மீதி இருக்கிறது என்று யாருக்கும் தெரியாமல் போவதால், முதலில் கண்ணில் பட்டதை விட மனம் வராது. ஒவ்வொரு சுற்றுக்கும் எல்லாவற்றையும் மீண்டும் கலந்து புதிதாக எடுக்க வேண்டும்.

அணி ஆட்டத்தில் எத்தனை வகை?

பயனுள்ளவை இரண்டு. இருவர் சேர்ந்து ஒரே கப்பலைக் கட்டுவது ஒன்று. இருவரும் தனித்தனிக் கப்பல் கட்டி வருமானத்தைச் சேர்ப்பது இன்னொன்று. நான்கு பேருக்கான பெட்டியில் ஆறு பேரோ எட்டுப் பேரோ ஆட வேண்டுமென்றால் முதல் வகைதான் வழி. நான்கு பேர் மட்டும் என்றால் இரண்டாவது வகையில் சுவை அதிகம்.

ஒரே கப்பலை இருவர் கட்டும்போது வேலையை எப்படிப் பிரிப்பது?

எளிய ஏற்பாடு, ஒருவர் எடுப்பவர், மற்றவர் பொருத்துபவர். எடுப்பவர் மட்டும் நடுவில் கை வைக்கலாம். பொருத்துபவர் பலகையை மட்டும் தொடலாம்.

இப்படி ஆடும் அணிகளில் பெரும்பாலும் ஒரே குறைதான் வரும். பொருத்துபவர் தலைவராகிவிடுவார், “பேட்டரி கொண்டு வா, இது வேண்டாம், இரட்டை முனை பார்” என்று ஏவிக்கொண்டிருப்பார், எடுப்பவர் வேலையாளாகி இரண்டாவது சுற்றிலேயே சலித்துப்போவார். இதற்கு மூன்று கட்டுப்பாடுகள் சேர்ந்தே தேவை. எடுப்பவர் கொண்டுவந்ததைத் திருப்பிப் பார்த்து, வேண்டுமா வேண்டாமா என்று அவரே முடிவு செய்வார். பொருத்துபவர் தன் கையில் வந்ததைத் திருப்பி அனுப்பக் கூடாது. பொருத்த வேண்டும், அல்லது ஒதுக்கும் இரண்டு இடங்களில் ஒன்றில் வைக்க வேண்டும். டைமர் திரும்பும் ஒவ்வொரு முறையும் இருவரும் வேலையை மாற்றிக்கொள்ள வேண்டும்.

பறக்கும்போது பயன்படுத்தாமல் ஒதுக்கியே விட்ட டைல்கள் இழந்த உறுப்புகளாகக் கணக்கில் வரும், ஒன்றுக்கு 1 கிரெடிட் (ஆட்டத்தின் பணம்) அபராதம். ஆகவே எடுப்பவர் கண்டதையும் கொண்டுவந்து தள்ளினால் அதன் விலையை இருவருமே கொடுப்பார்கள். இந்த அபராதம் இருப்பதால்தான் “திருப்பி அனுப்பக் கூடாது” என்ற கட்டுப்பாடு கடுமையாக இல்லாமல் நியாயமாக அமைகிறது.

கப்பலை இடது, வலது என்று பாதியாகப் பிரித்துக் கட்டலாமா?

கட்டலாம், அனுபவமுள்ள அணிக்கு இதுதான் மிகவும் பிடிக்கும். தொடக்கக் கேபின் இருக்கும் 7-ஆம் நிரல் பொது. அதற்கு இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் மற்றவர். இருவரும் ஒரு கையால் எடுக்கலாம், ஒதுக்கும் இடம் ஆளுக்கு ஒன்று.

கவனம் முழுவதும் அந்த நடு நிரலில் இருக்க வேண்டும். எரிகல் எங்கே விழும் என்று இரண்டு பகடைகள் சொல்கின்றன. இரண்டு பகடையில் 36 வாய்ப்புகளில் 7 விழுவது 6 முறை. 4 விழுவது 3 முறைதான். முன்னாலிருந்தோ பின்னாலிருந்தோ வருவது அடிக்கடி குறிவைப்பது உங்கள் இருவரின் பாதிகளும் சேரும் தையலைத்தான்.

ஒரு கப்பலை நினைத்துப் பாருங்கள். இடப்பாதியும் வலப்பாதியும் தொடக்கக் கேபின் வழியாக மட்டும் ஒட்டியிருக்கின்றன. அதற்கு மேலே 7-ஆம் நிரலில் ஒரு சரக்கறை. பீரங்கி 6-ஆம் நிரலில். முன்னாலிருந்து பெரிய எரிகல், பகடை 7. முன்பக்கம் வருவதைச் சுட அதே நிரலில் முன்னோக்கிய பீரங்கி வேண்டும், பக்கத்து நிரல் உதவாது. சரக்கறை போகிறது. அடுத்த எரிகல்லும் 7 என்றால் இப்போது கேபினே முகப்பில் நிற்கிறது. அதுவும் போனால் கப்பல் இரண்டு துண்டு. ஒரு துண்டோடுதான் பறக்க முடியும். ஒருவரின் உழைப்பு முழுவதும் மேசையோரம் போகும்.

ஆகவே பாதிப் பாதியாகக் கட்டும் அணி இரண்டு விஷயங்களை முதலில் முடிக்க வேண்டும்: 7-ஆம் நிரலின் உச்சியில் முன்னோக்கிய பீரங்கி, நடு நிரலைக் குறைந்தது இரண்டு வெவ்வேறு வரிசைகளில் கடக்கும் இணைப்பு. பேட்டரியை யார் பக்கம் வைக்கிறோம் என்பது பெரிய விஷயமல்ல. கப்பலில் எங்கிருந்தாலும் எந்த உறுப்புக்கும் மின்சாரம் போகும். ஆனால் எல்லா பேட்டரியையும் ஒரே பக்கம் குவித்துவிட்டு அந்தப் பக்கத்தை இழந்தால், இரட்டை எஞ்சின், இரட்டைப் பீரங்கி, கேடயம் எல்லாமே வெறும் பாரம்.

அணியில் ஒருவர் பயண அட்டைகளைப் பார்க்க, மற்றவர் கட்டிக்கொண்டே இருப்பது நியாயமா?

நியாயமில்லை. முதல் சுற்றில் 8 அட்டைகள், இரண்டு இரண்டாக நான்கு கட்டுகள். மூன்று கட்டுகளைப் பார்க்கலாம், ஒன்றைத் தொடக் கூடாது. அதாவது 8-இல் 6 தெரிந்துவிடும். தனியாக ஆடுபவர் அதற்காகக் கட்டும் நேரத்தை இழக்கிறார். அந்த இழப்பு இல்லாமல் அணிக்கு அறிவு மட்டும் கிடைத்தால் சமநிலை போய்விடும்.

இரண்டு வழிகள் உண்டு. ஒருவர் பார்க்கும்போது மற்றவர் கையை மடியில் வைத்திருக்க வேண்டும் என்பது ஒன்று. இரண்டாவது வழி சுவையானது: பார்த்துவிட்டு வந்தவர் ஒரே ஒரு சொல்தான் சொல்லலாம். “பீரங்கி”, “எஞ்சின்”, “ஆட்கள்”, “கேடயம்” மாதிரி. ஆறு அட்டைகளை ஒரு சொல்லாகச் சுருக்க வேண்டியிருப்பதால் எது முக்கியம் என்று தீர்மானிப்பதே ஒரு திறமையாகிவிடுகிறது.

தனித்தனிக் கப்பல், ஒரே அணி: வருமானத்தை எப்படிக் கணக்கிடுவது?

வெறுமனே கூட்டினால் ஒரு கப்பல் பலியாடாகிவிடும். ஒருவர் கிடைத்த நல்ல டைல்களையெல்லாம் கூட்டாளிக்கு விட்டுக்கொடுத்து, தான் ஓட்டைக் கப்பலில் ஏறி ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். இருவரில் குறைந்தவரின் தொகையை மட்டும் எடுத்தால் ஒரு துரதிர்ஷ்டமான பகடை அணியின் மொத்த மாலையையும் முடித்துவிடும்.

நடுவழி: இரண்டையும் கூட்டி, குறைந்த தொகையை மறுபடியும் ஒரு முறை சேருங்கள். முதல் அணியில் 22, 9. கூட்டினால் 31. இரண்டாவது அணியில் 15, 14. கூட்டினால் 29. வெறும் கூட்டலில் முதல் அணி வெல்லும். குறைந்ததை மீண்டும் சேர்த்தால் முதல் அணி 40, இரண்டாவது 43. இரண்டு கப்பல்களையும் பார்த்துக்கொண்ட அணி முந்துகிறது.

வந்து சேரும் வரிசைக்கான பரிசு (முதல் சுற்றில் 4, 3, 2, 1, இரண்டாவதில் 8, 6, 4, 2, மூன்றாவதில் 12, 9, 6, 3) அந்தந்தக் கப்பலுக்கே போகட்டும். திறந்த முனைகள் (எந்த டைலோடும் சேராமல் நிற்பவை) மிகக் குறைந்த கப்பலுக்கான பரிசு 2, 4, 6 என்று சுற்றுக்குச் சுற்று ஏறும். இதை மட்டும் அணிக்கு மாற்றி, இரு கப்பல்களின் திறந்த முனைகளையும் கூட்டிப் பாருங்கள்.

மூல விதிப்படி முடிவில் 1 கிரெடிட்டாவது வைத்திருப்பவர் எல்லோரும் வென்றவர்கள். அணி ஆட்டத்தில் இருவர் கையிலும் குறைந்தது 1 இருந்தால்தான் அணி வென்றதாகக் கொள்ளுங்கள்.

தனிக் கப்பல் அணியில் ஒருவரை ஒருவர் காப்பாற்ற முடியுமா?

முடியும், அணி ஆட்டத்தின் உயிரே இதுதான். எதிரி அட்டை வந்தால் முன்னால் போகிறவரைத்தான் முதலில் தாக்கும். அவர் தோற்கடித்துவிட்டால் பின்னால் வரும் யாரையும் தொடாது. அவர் தோற்றால் தண்டனை பெறுவார், எதிரி அடுத்தவரிடம் போகும். சமமாக இருந்தால் அவருக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் எதிரி உயிரோடு அடுத்தவரிடம் போகும்.

ஆகவே பீரங்கி மிகுந்த கப்பல் முன்னால், சரக்குக் கப்பல் பின்னால் என்பது இயல்பான திட்டம். இதற்குப் பீரங்கிக் கப்பல்காரர் சீக்கிரம் கட்டி முடித்து, புறப்படும் வரிசையில் 1-ஆம் எண்ணை எடுக்க வேண்டும். ஆனால் நடுவில் எதிரணி புகுந்தால் அவர்களுக்கும் அதே பாதுகாப்பு இலவசம். எதிரியை வீழ்த்திப் பரிசை எடுத்தால் பயண நாட்கள் குறையும், முன்னால் இருந்தவர் பின்தங்குவார், அடுத்த எதிரி கூட்டாளியின் தலையில் விழும். காவல் கப்பல் பரிசை எடுப்பதா விடுவதா என்ற முடிவு ஒவ்வொரு முறையும் உண்மையாகவே கடினமானது.

கோள்கள் இதற்கு நேரெதிர். முன்னால் இருப்பவர்தான் முதலில் கோளைத் தேர்ந்தெடுப்பார். சிவப்புச் சரக்கு 4, மஞ்சள் 3, பச்சை 2, நீலம் 1. சிவப்பை அதற்கென்ற தனி அறையில்தான் வைக்க முடியும். காவல் கப்பலில் ஒரே ஒரு சிவப்பு அறையாவது இருந்தால் முன்னால் போவது வீணாகாது.

போர்க்களம் அட்டையில் ஆட்கள், எஞ்சின், பீரங்கி ஒவ்வொன்றிலும் குறைந்தவர் தண்டனை பெறுவார்; சமம் என்றால் முன்னால் இருப்பவருக்கு. ஒருவர் பீரங்கியும் மற்றவர் எஞ்சினும் என்று முழுசாகப் பிரித்துக் கட்டிய அணி இங்கேதான் அடிவாங்கும், ஏனென்றால் இரண்டு பலவீனமும் ஒரே அணியில் இருக்கும். எல்லாவற்றிலும் கொஞ்சமாவது வைத்திருக்க வேண்டும்.

கூட்டாளியே கூட்டாளியை ஆட்டத்திலிருந்து வெளியேற்றிவிடலாமா?

நடக்கும். முன்னால் போகிறவர் பயணப் பலகையில் ஒரு முழு வட்டம் முந்திக் கடந்தால் கடைசியில் இருப்பவர் பயணத்தைக் கைவிட வேண்டும். அவர் சரக்கு பாதி விலைக்குத்தான் போகும். அணி ஆட்டத்திலும் இந்த விதியைத் தளர்த்தாதீர்கள். தளர்த்தினால் வேகமான கப்பலுக்குக் கடிவாளமே இல்லாமல் போகும். இருக்கும் விதிக்குள்ளேயே தீர்வு உண்டு: எஞ்சின் பலத்துக்கு ஏற்ப முன்னேறும் திறந்தவெளி அட்டையில் இரட்டை எஞ்சினுக்கு பேட்டரி செலவழிக்காமல் மெதுவாகப் போகலாம்.

பறக்கும்போது சரக்கைக் கைமாற்றலாமா?

வரிசையில் இருவருக்கும் நடுவே எதிரணிக் கப்பல் இல்லாதபோது, இரண்டு அட்டைகளுக்கு இடையில், ஒரு சரக்குக் கட்டையையோ ஒரு மனிதரையோ கைமாற்றலாம். இருவரும் ஒரு பயண நாளை இழக்க வேண்டும். வாங்குபவரிடம் இடம் இருக்க வேண்டும். பேட்டரியைக் கைமாற்ற அனுமதிக்க வேண்டாம். அனுமதித்தால் ஒரு கப்பல் பேட்டரிக் கிடங்காகிவிடும். மற்ற கப்பல் இரட்டைப் பீரங்கிகளாக நிறைந்து யாராலும் தொட முடியாததாகும்.

இருக்கை மாற்றிக் கட்டும் விதி பற்றி?

டைமர் திரும்பும்போது எல்லோரும் எழுந்து இடப்பக்கக் கப்பலுக்கு நகர்ந்து அங்கே தொடர்ந்து கட்டுவது. சிரிப்புக்குக் குறைவிருக்காது, ஆனால் கடைசி இடத்தில் இருப்பவர் வேண்டுமென்றே கெடுப்பார். கடைசி டைமர் ஓடும்போது அவரவர் தன் கப்பலுக்கே திரும்பிவிட வேண்டும் என்று வைத்தால் கெடுத்ததைச் சரிசெய்யவோ அதோடு வாழவோ நேரம் கிடைக்கும். ஒதுக்கிய டைல்கள் கப்பலோடு இருக்கும், ஆளோடு போகாது. கடைசித் திருப்பலைத் தன் கப்பலை முடித்தவர் மட்டுமே செய்யலாம் என்பதால், இந்த விதியில் யாரும் முடிக்காமல் ஆட்டம் நின்றுபோகக்கூடும். அப்படியானால் டைமர் முடிந்து இருபது எண்ணியதும் யார் வேண்டுமானாலும் திருப்பலாம்.

ஐந்தாவது ஆள் வந்தால்?

2008-இல் வந்த பெரிய விரிவாக்கப் பெட்டி ஐந்தாவது ஆட்டக்காரருக்கு இடம் தருகிறது. அது இல்லையென்றால் ஒருவர் ஆய்வாளராக இருக்கலாம்: டைமர், அட்டை வாசிப்பு, பகடை, கப்பல் சோதனை அவர் பொறுப்பு. அடுத்த சுற்றில் வேறொருவர்.

கப்பலில் தவறு இருப்பது பறக்கும்போது தெரிந்தால்?

அணி ஆட்டத்தில் சோதனையை எதிரணி செய்ய வேண்டும், பறக்கும் முன்பே. பார்க்க வேண்டியவை இவை. ஒற்றை முனை இரட்டையைத் தொடுகிறதா? முனை வழவழப்புப் பக்கத்தைத் தொடுகிறதா? எஞ்சின் எல்லாம் பின்னோக்கியிருக்கின்றனவா, அதன் நேர் பின்னால் டைல் ஏதும் உள்ளதா? பீரங்கி வாய்க்கு முன் டைல் உள்ளதா? தவறான டைல்கள் கழற்றப்பட்டு இழந்தவற்றோடு சேரும். எதைக் கழற்றுவது என்று கப்பலுக்குரிய அணி தேர்ந்தெடுக்கலாம்.

நடுவழியில் தெரிந்தால், அந்த அட்டையை முடித்துவிட்டு அடுத்த அட்டைக்கு முன் கழற்றுங்கள். சோதனையில் அதைத் தவறவிட்ட அணியும் 1 கிரெடிட் கொடுக்கட்டும்.